தராவீஹ்: எண்ணிக்கைக்கு முன் நேரத்தைத் தீர்மானியுங்கள்

ஒரு ரமளானில், ஒரே வாரத்துக்குள், இரண்டு பள்ளிவாசல்களில் தராவீஹ், அதாவது ரமளான் இரவுகளில் இஷாவுக்குப் பிறகு தொழும் சிறப்புத் தொழுகையைத் தொழுதேன். முதலாவதில் 20 ரக்அத் (நின்று, குனிந்து, ஸஜ்தா செய்யும் ஒரு சுற்று ஒரு ரக்அத்), பிறகு இரவுத் தொழுகையை ஒற்றைப்படையாக முடிக்கும் வித்ரு 3. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டாவதில் 8 ரக்அத், வித்ரு 3. ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதல் இடத்தில் என்ன ஓதப்பட்டது என்று அன்றிரவே என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாவது இடத்தில் ஓதப்பட்ட யூசுஃப் சூராவின் வசனங்கள் வீடு வரை கூடவே வந்தன.

இந்த இரண்டில் எது நீண்ட தொழுகை? ரக்அத்தை எண்ணினால் முதலாவது. நின்ற நேரத்தைப் பார்த்தால் இரண்டாவது. ஆனாலும் ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஅபான் பாதியைத் தாண்டியதும் நம்மிடையே எழும் பேச்சு எப்போதும் எண்ணிக்கையைப் பற்றியதாகவே இருக்கிறது. எட்டா, இருபதா? இந்தக் கேள்வியால் பள்ளிவாசல் மாறியவர்களை எனக்குத் தெரியும். அண்ணனும் தம்பியும் ரமளான் முழுக்க வெவ்வேறு வாசல் வழியே போனதையும் பார்த்திருக்கிறேன். எத்தனை பக்கம் ஓதப்படுகிறது, என்ன வேகத்தில் ஓதப்படுகிறது, ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில்) மூன்று தஸ்பீஹ் (இறைத்துதி) சொல்ல நேரம் கிடைக்கிறதா என்று கேட்டு முடிவெடுத்தவர்கள் மிகச் சிலரே. அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

கடிகாரத்தை வைத்து நானே தோராயமாகப் போட்ட கணக்கு இது. ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் அல்ஹம்து சூராவை வசனத்துக்கு வசனம் நிறுத்தி ஓத முக்கால் நிமிடம் பிடிக்கிறது. ருகூவு (குனிதல்), எழுந்து நேராக நிற்பது, இரண்டு ஸஜ்தாக்கள், இடையிலான அமர்வு, இரண்டு ரக்அத்துக்கு ஒரு முறை அத்தஹிய்யாத்து எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தால் ரக்அத்துக்கு இன்னொரு நிமிடம். ஆக, குர்ஆனிலிருந்து கூடுதலாக ஒரு வசனமும் ஓதாமலேயே ஒரு ரக்அத்துக்கு ஒன்றேமுக்கால் நிமிடம் போய்விடுகிறது. 8 ரக்அத்துக்கு 14 நிமிடம். 20 ரக்அத்துக்கு 35 நிமிடம். வித்யாசம் 21 நிமிடம்.

இப்போது ஓதலைச் சேர்ப்போம். ஒரு ஜுஸ்வை (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகத்தை) நடுத்தர வேகத்தில் ஓத ஏறத்தாழ 40 நிமிடம் ஆகிறது. நிறுத்தி, நீட்டி ஓதுபவருக்கு ஒரு மணி நேரத்தை நெருங்கும். மிக வேகமாக ஓதுபவர் 25 நிமிடத்தில் முடித்துவிடுவார். ஓர் இரவுக்கு ஒரு ஜுஸ்வு என்று வைத்தால், 8 ரக்அத் தொழும் இடத்தில் 54 நிமிடம், 20 ரக்அத் தொழும் இடத்தில் 75 நிமிடம். கால் ஜுஸ்வு போதும் என்றால் 24 நிமிடம், 45 நிமிடம்.

எட்டை இருபதாக்கினால் 21 நிமிடம் கூடுகிறது. ஓதும் அளவையும் வேகத்தையும் மாற்றினாலோ முக்கால் மணி நேரம் வரை கூடவும் குறையவும் செய்கிறது. உங்கள் கால்களையும் தூக்கத்தையும் மனத்தையும் அதிகம் பாதிப்பது ஓதல்தான். இதை முதலில் முடிவு செய்யாமல் எண்ணிக்கைக்காக மல்லுக்கட்டுவது வீட்டின் பரப்பளவைக் கேட்காமல் அறைகளை மட்டும் எண்ணி வாங்குவதைப் போன்றது.

பதினொன்றும் இருபத்து மூன்றும்

இரு தரப்பின் ஆதாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்குக் கோபம் வராது என்பது என் அனுபவம்.

எட்டு ரக்அத் தொழுவோரின் முதன்மையான ஆதாரம் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் சொல். ரமளானில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தொழுகை எப்படி இருந்தது என்று கேட்கப்பட்டபோது, ரமளானிலும் மற்ற நாள்களிலும் பதினொரு ரக்அத்தை (எட்டும் வித்ரு மூன்றும்) விட அதிகம் தொழமாட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ள செய்தி. இதன் முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அடுத்த வரியில் பலர் நிற்பதில்லை: நான்கு ரக்அத் தொழுவார்கள், அவற்றின் அழகையும் நீளத்தையும் பற்றிக் கேட்காதே, பிறகு நான்கு, அவற்றின் அழகையும் நீளத்தையும் பற்றிக் கேட்காதே, பிறகு மூன்று. எண்ணிக்கையைச் சொன்ன அதே வாயால் நீளத்தையும் அழகையும் சொன்னார்கள். எட்டை எடுத்துக்கொண்டு அந்த நீளத்தை விட்டுவிட்டால், செய்தியில் பாதியைத்தான் எடுத்திருக்கிறோம். இருபது நிமிடத்தில் எட்டு ரக்அத்தை முடித்துவிட்டு "நாங்கள் சுன்னத்தை (நபிவழியை) நிலைநாட்டுகிறோம்" என்று சொல்லும்போது எனக்கு மனம் நோகிறது.

இருபது ரக்அத் தொழுவோர் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) காலத்து நடைமுறையைக் காட்டுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் சில இரவுகள் தொழவைத்தார்கள், மக்கள் திரண்டார்கள், அடுத்த இரவு இடம் கொள்ளாத கூட்டம். அன்று அவர்கள் வெளியே வரவில்லை. உங்கள் மீது இது கடமையாக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சினேன் என்று விடிந்ததும் சொன்னார்கள். அவர்களின் மறைவுக்குப் பின் அந்த அச்சத்துக்கு இடமில்லை. மக்கள் தனித்தனியாகவும் சிறு சிறு குழுக்களாகவும் தொழுவதைக் கண்ட உமர் (ரலி), எல்லோரையும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்குப் பின்னால் ஒன்று சேர்த்தார்கள்.

அந்த ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) எத்தனை ரக்அத்? இமாம் மாலிக்கின் ஹதீஸ் தொகுப்பான முவத்தாவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸாயிப் இப்னு யஸீத் வழியாக வருவது பதினொன்று என்கிறது. யஸீத் இப்னு ரூமான் வழியாக வருவது இருபத்து மூன்று (இருபதும் வித்ரு மூன்றும்) என்கிறது. பின்னவர் உமரின் காலத்தை அடையவில்லை என்பதால் அறிவிப்பாளர் தொடரில் விடுபடல் இருப்பதை ஹதீஸ் அறிஞர்கள் சுட்டியிருக்கிறார்கள். அதே ஸாயிப் வழியாக இருபது என்ற செய்தியை ஹதீஸ் அறிஞர் பைஹகீ பதிவு செய்திருக்கிறார். பதினொன்று என்று சொல்லும் அறிவிப்பிலேயே தொடர்ந்து வரும் வரிகளைப் பாருங்கள்: ஓதுபவர் நூறு வசனங்கள் கொண்ட சூராக்களை ஓதுவார்; நீண்ட நேரம் நின்றதால் நாங்கள் கைத்தடிகளில் சாய்ந்துகொண்டோம்; வைகறை நெருங்கும்போதுதான் திரும்பினோம்.

இரண்டையும் இணைத்துப் பார்த்த அறிஞர்கள் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் நெருக்கமானது. ஆரம்பத்தில் ரக்அத் குறைவு, நிற்கும் நிலை நீளம். அது மக்களுக்குப் பாரமாக இருந்தபோது நிலையைக் குறைத்து ரக்அத்தைக் கூட்டினார்கள். நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறினார்கள். தராவீஹ் என்ற பெயரே அந்த இளைப்பாறலிலிருந்து வந்ததுதான். அப்படியென்றால் இருபது என்பது எட்டை விடக் கடினமானதாக வரவில்லை, கால்களுக்குக் கருணையாக வந்தது. இன்று இரு தரப்பும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்: இருபது என்றால் கடுமை, எட்டு என்றால் சலுகை.

மதீனாவில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) காலத்தில் 36 ரக்அத் தொழுது வித்ரு 3 தொழுதார்கள். மக்காவாசிகள் ஒவ்வோர் இளைப்பாறலிலும் கஅபாவைச் சுற்றி வருவதால், அந்த நன்மைக்கு ஈடாக மதீனாவாசிகள் நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டார்கள் என்று காரணம் சொல்லப்படுகிறது. ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் (சட்ட வழிகளில்) இருபது நிலைபெற்றது. ஹனஃபி அறிஞர் இப்னுல் ஹுமாம் (ரஹ்), எட்டு சுன்னத், மீதி விரும்பத்தக்கது என்று எழுதினார். இப்னு தைமிய்யா (ரஹ்) இன்னும் தெளிவாகச் சொன்னார்: தொழுபவர்களின் நிலையைப் பொறுத்து எது சிறந்தது என்பது மாறும், நீண்ட நேரம் நிற்க முடிந்தால் பத்தும் மூன்றும் சிறந்தது, முடியாவிட்டால் இருபது சிறந்தது. இதில் ஒன்றைத்தான் தொழ வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று நினைப்பவர் தவறிழைக்கிறார். மக்காவின் ஹரமிலும் மதீனாவின் நபி பள்ளியிலும்கூட 2020-இல் கொள்ளைநோயை முன்னிட்டு இருபது பத்தாகக் குறைக்கப்பட்டது. யாருடைய தொழுகையும் அதனால் செல்லாமல் போய்விடவில்லை.

ஆகவே எண்ணிக்கையைப் பொறுத்தவரை என் தீர்ப்பு சுருக்கமானது. உங்கள் பள்ளிவாசலில் எது நடைமுறையோ அதையே தொழுங்கள். அதை மாற்றப் போராடாதீர்கள். "இரவுத் தொழுகை இரண்டிரண்டாக, விடியலை அஞ்சினால் ஒன்றைத் தொழுங்கள்" என்ற நபிமொழி எல்லையைத் திறந்தே வைத்திருக்கிறது. சண்டையிட இங்கே இடமில்லை.

குர்ஆனை முடிப்பதா, முடிந்த அளவு ஓதுவதா?

உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. மிகவும் கடினமான தேர்வும் இதுதான்.

மாதத்தில் ஒருமுறை குர்ஆன் முழுவதையும் ஜமாஅத்தில் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அரபு எழுத்தைக்கூட அறியாத ஒரு மூதாட்டிக்கும், வேலை நெருக்கடியில் ஆண்டு முழுக்க முஸ்ஹஃபைத் (குர்ஆன் பிரதியைத்) திறக்காத ஓர் இளைஞனுக்கும், அல்லாஹ்வின் வேதம் முழுவதையும் நின்று கேட்கும் ஒரே வாய்ப்பு இதுதான். அவர்களிடமிருந்து இதை எளிதில் பறித்துவிடக் கூடாது. ஹன்பலி அறிஞர்களில் காழீ அபூ யஅலா (ரஹ்), மாதத்தில் ஒரு கத்மை (குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பதை) விடக் குறைப்பது விரும்பத்தக்கதல்ல என்றார். ஹனஃபி மத்ஹபில் ரக்அத்துக்குச் சுமார் பத்து வசனங்கள் என்று அபூ ஹனீஃபா (ரஹ்) வழியாக வருகிறது. பத்து வசனம், இருபது ரக்அத், முப்பது இரவு: 6,000. குர்ஆனின் வசனங்கள் 6,236. மூச்சு வாங்காமல், யாரையும் துரத்தாமல் முடிக்க வழிசெய்யும் கணக்கு அது.

ஆனால் அதே மத்ஹபின் பெரும் அறிஞர் காஸானீ (ரஹ்) ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டிலேயே இப்படி எழுதினார்: நம் காலத்தில் இமாம் மக்களின் நிலைக்கு ஏற்ப ஓதுவதே சிறந்தது, ஜமாஅத்தை விட்டு அவர்களை விரட்டாத அளவுக்கு ஓத வேண்டும், ஏனென்றால் ஓதலை நீட்டுவதை விட ஜமாஅத்தைப் பெருக்குவது மேல். இமாம் அஹ்மத் (ரஹ்) சொன்னதும் அதுவே: ரமளானில் மக்களுக்குப் பாரமில்லாததை ஓத வேண்டும், குறிப்பாக இரவு குறுகிய காலத்தில்.

"இரவு குறுகிய காலத்தில்" என்ற அந்தச் சொல்லை ஒருகணம் யோசியுங்கள். ரமளான் ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. ஒரே ஊரில் ஒருவர் தம் வாழ்நாளில் குளிர்கால ரமளானையும் கோடைகால ரமளானையும் காண்பார். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் கோடையில் இஷாவுக்கும் ஸஹருக்கும் (நோன்புக்கு முன் விடியற்காலையில் உண்ணும் நேரத்துக்கும்) இடையே சில மணி நேரமே இருக்கும். குளிர்காலத்தில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இரண்டுக்கும் ஒரே அட்டவணையை வைப்பது மக்களைச் சிரமப்படுத்துவதாகும். பல ஆண்டுகளுக்கு முன் வகுத்த திட்டத்தையே இன்றும் மாற்றாமல் வைத்திருக்கும் பள்ளிவாசல்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கத்ம் என்ற நல்ல ஆசை எங்கே கெடுகிறது என்றால், பக்கங்களை முடிப்பதே நோக்கமாகி, ஓதல் அதற்கு வண்டியாகும்போது. ஒரு ஜுஸ்வு என்பது 604 பக்க முஸ்ஹஃபில் சுமார் இருபது பக்கம். 20 ரக்அத்துக்கு ரக்அத்துக்கு ஒரு பக்கம், 8 ரக்அத்துக்கு இரண்டரைப் பக்கம். குர்ஆனை மனனம் செய்த நல்ல ஹாஃபிழால் இதைத் தெளிவாக ஓத முடியும், நேரம் கொடுத்தால். நேரத்தைக் கொடுக்காமல் பக்கங்களை மட்டும் கேட்டால் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வசன முடிவுகள் மறையும். "யஅலமூன்", "தஅலமூன்" என்ற ஓசைகள் மட்டும் காதில் விழும். "குர்ஆனைத் தர்தீலாக (நிறுத்தி, நிதானமாக) ஓதுவீராக" என்று முஸ்ஸம்மில் சூராவின் நான்காம் வசனம் கட்டளையிடுகிறது. மூன்று நாளுக்குக் குறைவாகக் குர்ஆனை முடிப்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்று நபி (ஸல்) சொன்னார்கள். முப்பது இரவில் முடித்தும் புரிந்துகொள்ளாத ஒரு வழியை நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்பது வேதனை.

உமர் (ரலி) இதைக் கையாண்ட விதத்தைப் படித்ததிலிருந்து என் பார்வையே மாறியது. அவர்கள் மூன்று ஓதுநர்களை அழைத்து ஓதச் சொல்லிக் கேட்டார்கள். வேகமாக ஓதுபவரிடம் ரக்அத்துக்கு முப்பது வசனம் ஓதச் சொன்னார்கள், நடுத்தரமானவரிடம் இருபத்தைந்து, மெதுவாக ஓதுபவரிடம் இருபது. மெதுவாக ஓதியவரை வேகப்படுத்தவில்லை. அவருடைய ஓதலுக்கு ஏற்ப அளவைக் குறைத்தார்கள். ஓதுபவரின் வேகத்தை அளவுக்கு ஏற்ப வளைக்காமல், அளவை வேகத்துக்கு ஏற்ப வைத்த இந்த ஒரு முடிவில் பள்ளிவாசல் நிர்வாகிகள் அனைவருக்கும் வழிகாட்டல் இருக்கிறது.

எனவே கத்மா, குறைவா என்று கேட்டால் என் பதில் இது. உங்கள் ஜமாஅத்தால் ஓர் இரவுக்கு இஷாவுக்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்க முடியும், தெளிவாக ஓதும் ஹாஃபிழ் இருக்கிறார் என்றால் கத்மை விடாதீர்கள். முடியாவிட்டால் அரை ஜுஸ்வோ கால் ஜுஸ்வோ போதும். அதை நிறுத்தி, நிதானமாக ஓதச் சொல்லுங்கள். பாதி வேதத்தை மனம் வாங்கிக் கேட்ட மாதம், முழு வேதத்தையும் காற்றில் விட்ட மாதத்தை விட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீதியை வீட்டில் முஸ்ஹஃபைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். ஹாஃபிழ் இல்லாத இடத்தில் முஸ்ஹஃபைப் பார்த்து ஓதித் தொழவைப்பதையும் பல அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அவர்களின் பணியாளர் தக்வான் அப்படித் தொழவைத்ததை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் இது ஏற்கப்படவில்லை; அந்த மத்ஹபின் பள்ளிவாசல்களில் தெரிந்த சூராக்களை வைத்துத் தொழவைத்தால் போதும்.

சுருக்கமும் அவசரமும்

சுருக்கமாகத் தொழவைப்பது நபிவழி. நபித்தோழர் முஆத் (ரலி) இஷாவில் மிக நீண்ட பகரா சூராவை ஓதித் தொழவைத்ததைப் பற்றி முறையீடு வந்தபோது, நபி (ஸல்), "முஆதே, நீர் குழப்பத்தில் ஆழ்த்துபவரா?" என்று கடிந்துகொண்டார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். தொழவைப்பவர் எளிதாக்க வேண்டும், பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருக்கிறார்கள். தனியாகத் தொழும்போது விரும்பிய அளவு நீட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். ஆகவே குறுகிய தராவீஹைத் தேர்ந்தெடுப்பவரைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

அவசரம் வேறு. ருகூவில் முதுகு நேராகும் முன்பே எழுவதும், இரண்டு ஸஜ்தாக்களுக்கு நடுவே உட்காராமல் தலையை மட்டும் தூக்கி இறக்குவதும் சுருக்கம் அல்ல. அப்படித் தொழுத ஒருவரிடம் நபி (ஸல்), "திரும்பிப் போய்த் தொழும்; நீர் தொழவில்லை" என்று மும்முறை சொன்னார்கள். நான் ஒப்பிடும் வழிகளில் இதற்கு இடமே இல்லை. நேரம் குறைவு என்றால் ஓதலைக் குறையுங்கள். இன்னும் குறைவு என்றால், எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்று கருதுவோர் ரக்அத்தையும் குறைத்துக்கொள்ளட்டும். ருகூவையும் ஸஜ்தாவையும் குறைக்காதீர்கள்.

பள்ளிவாசலா, வீட்டின் பின்னிரவா?

இந்தத் தேர்வில் இரு பக்கமும் வலுவானது. கடமையான தொழுகை தவிர மற்றவற்றில் சிறந்தது வீட்டில் தொழுவது என்று நபி (ஸல்) சொன்னது, மக்கள் ரமளான் இரவில் பள்ளியில் திரண்ட அந்தச் சந்தர்ப்பத்திலேதான். உமர் (ரலி) தாம் ஒன்றுதிரட்டிய ஜமாஅத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இவர்கள் தூங்கிவிடுகிற அந்தப் பின்னிரவு, இப்போது தொழுகிற நேரத்தை விடச் சிறந்தது என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

மறுபக்கம் நபித்தோழர் அபூதர் (ரலி) அறிவிக்கும் செய்தி. ஒரு ரமளானின் கடைசிப் பகுதியில் நபி (ஸல்) ஓர் இரவின் மூன்றில் ஒரு பங்கு வரை தொழவைத்தார்கள். இன்னோர் இரவு பாதி இரவு வரை. மீதி இரவையும் தொழவைத்திருக்கலாமே என்று அபூதர் கேட்டபோது, இமாமுடன் அவர் முடிக்கும் வரை நின்றவருக்கு முழு இரவும் நின்ற நன்மை எழுதப்படுகிறது என்றார்கள். மூன்றாவதாக இன்னோர் இரவு குடும்பத்தாரையும் அழைத்து, ஸஹர் தவறிவிடுமோ என்று அஞ்சும் வரை தொழவைத்தார்கள். ஒரே நபியின் ஒரே ரமளானில் மூன்று வெவ்வேறு நீளங்கள்! எல்லா இரவுக்கும் ஒரே அளவுகோலைத் தேடுபவர்கள் இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

ஜமாஅத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்குள்ள காரணம் சாதாரணமானது. பின்னிரவில் எழுந்து தொழுவேன் என்று நினைத்துப் பள்ளிவாசலை விட்டவர்களில் பெரும்பாலோர் எழுவதில்லை. நானும் ஒரு ரமளானில் அப்படித் தீர்மானித்து, பத்தாம் இரவுக்குள் ஸஹருக்கு மட்டும் எழுபவனாக ஆகியிருந்தேன். ஆண்டின் மற்ற மாதங்களில் தஹஜ்ஜுத்துக்கு (தூங்கி எழுந்து தொழும் பின்னிரவுத் தொழுகைக்கு) எழுந்து பழகியவர் பின்னிரவை நம்பலாம். மற்றவர்கள் இஷாவோடு சேர்த்து இமாமின் பின்னால் தொழுதுவிடுவதே பாதுகாப்பு. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், படுக்கையில் இருக்கும் பெற்றோரைக் கவனிப்பவருக்கும் வீட்டில் தொழுவதில் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்கு அதுவே சிறந்தது.

எட்டோடு எழுந்து போவது

20 ரக்அத் பள்ளிவாசலில் எட்டு முடிந்ததும் ஒரு வரிசை எழுந்து போவதைக் காண்கிறோம். எட்டே போதும் என்ற கருத்தில் அவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் "இமாம் முடிக்கும் வரை" என்ற நிபந்தனையை இழக்கிறார்கள். முழு இரவின் நன்மைக்காக இன்னும் அரை மணி நேரம் நிற்பதில் என்ன நஷ்டம்? எட்டுக்கு மேல் தொழுவது பாவம் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. வேலைக்கும் உடல்நிலைக்கும் இடம் கொடுத்து எழுந்து போக வேண்டியவர் போகட்டும். கொள்கைக்காக எழுந்து போவது எனக்குப் புரியவில்லை. போகிறவர்களைப் பார்த்து முணுமுணுப்பதும் அதே அளவுக்குத் தவறு. அது சில நேரம் ஒருவரை இஷாவுக்கே வராமல் செய்துவிடுகிறது.

எட்டு ரக்அத் பள்ளிவாசலில் தொழும் இருபது ரக்அத்காரருக்கும் வழி உண்டு. இமாமோடு வித்ரையும் தொழுது முடித்துவிடலாம். பிறகு வீட்டில் இரண்டிரண்டாக விரும்பிய அளவு தொழலாம். ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை என்பதால் வித்ரை மீண்டும் தொழ வேண்டியதில்லை. பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழ விரும்புபவரும் இப்படியே செய்யலாம்.

யாருக்கு எது

நின்று தொழ முடியாத முதியவர் முதல் ரக்அத்திலேயே நாற்காலியையோ தரையையோ தேர்ந்துகொள்ளட்டும். நபி (ஸல்) பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. நபியின் மனைவி ஸைனப் (ரலி) சோர்வடையும்போது பிடித்துக்கொள்ளும் கயிறு என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். "அவிழ்த்துவிடுங்கள், உற்சாகமாக இருக்கும் வரை தொழுங்கள், சோர்ந்தால் உட்காருங்கள்" என்று நபி (ஸல்) சொன்னார்கள். நஃபில் (கடமையல்லாத) தொழுகையை உட்கார்ந்து தொழ நோய்ச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. நிற்க முடிந்தும் உட்கார்ந்தவருக்குப் பாதி நன்மை, முடியாமல் உட்கார்ந்தவருக்கு நன்மையில் குறைவில்லை.

அதிகாலை வேலைக்குப் போகிறவர், வண்டி ஓட்டுபவர், இயந்திரத்தோடு வேலை செய்பவர் ஆகியோர் குறுகிய ஜமாஅத்தைத் தேடிப் போவதில் தயங்க வேண்டாம். தொழுகையில் கண் சொக்கினால் தூங்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான செயல் குறைவாக இருந்தாலும் நிலையானது. முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் நின்று, மூன்றாம் வாரம் வராமல் போவதை விட, 29 இரவும் முப்பது நிமிடம் நிற்பது அவர்களுக்கு நல்லது.

இளைஞர்களுக்கும் உடல் வலு உள்ளவர்களுக்கும் நான் எதிர்த்திசையில் சொல்வேன். வாழ்வில் ஒரு ரமளானிலாவது நீளமான தொழுகையைத் தேடிப் போங்கள். தொழுகையில் சிறந்தது நீண்ட நிலை என்று நபி (ஸல்) சொன்னார்கள். நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) ஓர் இரவு அவர்களோடு தொழுதபோது பகரா, நிஸா, ஆல இம்ரான் ஆகிய மூன்று நீண்ட சூராக்களையும் நபி (ஸல்) ஒரே ரக்அத்தில் ஓதினார்கள். அந்த அளவு நமக்கு எட்டாதது. ஆனால் ஒரு முழு சூராவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே நிலையில் கேட்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டும். அன்று ஓதப்படும் பகுதியின் பொருளை அஸ்ருக்குப் பிறகு தமிழில் படித்துவிட்டுப் போனால் அந்த நிலை இன்னும் இனிக்கும். நான் யூசுஃப் சூராவை வீடு வரை கொண்டுவர முடிந்ததற்கும் அதுதான் காரணம்.

நிர்வாகிகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவு எதுவும் இல்லை. ரமளானுக்கு ஒரு வாரம் முன்பே எத்தனை ரக்அத், இரவுக்கு எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு முடியும் என்று எழுதி ஒட்டுங்கள். பெண்கள் பகுதியிலும் ஒட்டுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குத்தான் முடியும் நேரம் மிகவும் தேவை. தெரிந்துகொண்டு வந்தவர் நடுவில் எழுந்து போகமாட்டார்.

கத்ம் திட்டமிடும் இடங்களில் கடைசியாக ஒரு விஷயம். பல ஜமாஅத்கள் 27-ஆம் இரவில் முடிக்கின்றன. முடிந்த மறுநாள் பள்ளிவாசலில் பாதிக் கூட்டம்கூட இருப்பதில்லை. லைலத்துல் கத்ரை (கண்ணியமிக்க இரவை) 29-ஆம் இரவிலும் தேடச் சொல்லியிருக்கும்போது அந்த வெறுமை எனக்குப் பெரும் துயரம். இரவுக்குச் சரியாக ஒரு ஜுஸ்வு என்று வைத்தாலும் சிக்கல் உண்டு. பிறை 29-இல் தெரிந்துவிட்டால் கடைசி ஜுஸ்வு ஓதப்படாமலே நின்றுவிடும். இரவுக்கு 21 பக்கம் என்று வைத்தால் 29-ஆம் இரவில் 604 பக்கமும் முடிந்துவிடும். மாதம் முப்பதாக நீண்டால் அந்த ஓர் இரவுக்கு மீண்டும் அல்ஹம்துவும் பகராவின் தொடக்கமும் ஓதலாம்.